மாஸ்டரின் மீன்பிடி நூல்

"மாஸ்டர், நூல் முறுக்கினதோ, முறுக்காததோ?"

காலைக் கோப்பியை வாயில் வைக்கப்போன இன்னாசித்தம்பி மாஸ்டருக்குக் கேள்வி விளங்கவில்லை. வாசலில் பத்துப் பன்னிரண்டு கடற்றொழிலாளர்கள் நின்றார்கள். கேட்டவன் வின்சன்ட் சம்மாட்டி. மூன்று தோணிகளுக்குச் சொந்தக்காரன். மாஸ்டரிடம் ஐந்து வருஷம் படித்து, அதில் நாலு வருஷம் முழங்காலில் நின்றவன்.

"என்ன முறுக்கு, வின்சன்ட்?"

"நூலைத்தான் கேக்கிறன். நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீங்களே."

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. ஒருவழியாக ஊர் விழித்துக்கொண்டதே!

ஆறாம் ஜோர்ஜ் மன்னருக்கு முடிசூட்டிய அந்த வருஷத்தில்தான், பென்சன் எடுத்த மாஸ்டர் 'கற்பிட்டிக் கடல் மீன்பிடி நூல்' என்ற புத்தகத்தை எழுதி, சிலாபத்தில் இருநூறு பிரதி அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடலைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்றால், மிஷன் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் 'என் தகப்பனாரின் தொழில்' என்று பிள்ளைகளைக் கட்டுரை எழுதவைத்து, எல்லாவற்றையும் பத்திரமாகக் கட்டிவைத்திருந்தார். மூன்று மாதத்தில் விற்றது ஒரேயொரு பிரதி. அதையும், ஹயாத்து முகம்மதுவின் பலசரக்குக் கடையில் நாலு பேர் பார்க்கும்படி, அவரேதான் வாங்கினார்.

"கடலில கால் நனைக்காத மனுசன் மீனைப் பத்தி எழுதிறாராம்" என்று ஊர் சிரித்தது. அதுதான் அவர் நெஞ்சைச் சுட்டது. ஒரு கடல்காரன், ஒரேயொருவன், 'மாஸ்டர் எழுதினது சரி' என்று சொல்லிவிட்டால் போதும் என்று ஏங்கிக்கொண்டிருந்தார்.

மனைவி கத்தரினாவின் ஏக்கம் வேறு. தலவிலக் கோயில் திருநாளுக்குச் சிலாபத்திலிருந்து அவளுடைய அண்ணன் குடும்பம் வருகிறது. அவர்கள் படுக்கவேண்டிய அறையில் புத்தகங்கள் படுத்திருந்தன.

"திருநாளுக்கு முதல் அறை காலியாக வேணும். இல்லாட்டி எல்லாத்தையும் சீனி சுத்திறதுக்குக் கடைக்கு அனுப்பிப்போடுவன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

அந்தப் பயத்தில்தான் மாஸ்டர் கடற்கரையெங்கும் நோட்டீஸ் ஒட்டினார். 'வந்துவிட்டது மீன்பிடி நூல்! இது கையில் இருந்தால் மீன் தப்பாது! இருபத்தாறு வருட உழைப்பு! விலை ஐம்பது சதம்!'

"நீளம் எவ்வளவு வரும்?" என்று வின்சன்ட் கேட்டான்.

"நூற்றிருபது பக்கம்."

"நூற்றிருபது பாகமோ!" வின்சன்ட் பாகம் அளப்பதுபோல் இரு கையையும் அகல விரித்தபடி திரும்பி மற்றவர்களைப் பார்த்தான். "அம்பது சதத்துக்கு மலிவுதான். எனக்கு ஆறு தாங்க, மாஸ்டர்."

மாஸ்டர் துள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, ஆறு புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வின்சன்ட் ஒன்றை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"இது புத்தகம்" என்றான் வின்சன்ட்.

"நூல் என்றாலும் அதுதானே."

"அப்படியெண்டால் இதால ஒரு வலை கட்டிக் காட்டுங்க பாப்பம்."

சிரிப்புச் சத்தம் கடற்கரைவரை போனது. மாஸ்டரின் கோப்பி ஆறிப்போனது.

அன்று பின்னேரமே ஹயாத்து முகம்மதுவிடம் போய் முறையிட்டார்.

"நூலெண்டு போட்டா நூலத் தேடித்தான் வருவாங்க" என்றார் ஹயாத்து முகம்மது, பருப்பை நிறுத்தபடி. "கிதாபு எண்டு போடுங்க மாஸ்டர். அதுவும் புத்தகந்தான், மரியாதையா இரிக்கும். எங்கட ஆக்கள் கிதாபெண்டா எழும்பி நிப்பாங்க."

மாஸ்டருக்கு அது பிடித்துக்கொண்டது. இரவோடிரவாக எல்லா நோட்டீஸிலும் 'நூல்' மேல் 'கிதாபு' ஒட்டப்பட்டது.

எழும்பி நிற்பதென்ன, பக்கத்து முஸ்லிம் மீனவ ஊரான பள்ளிவாசல்துறையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள். அசர் தொழுகை முடிந்த கையோடு, ஆண்கள் தொப்பியும் பெண்கள் முக்காடுமாக முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஜெமீலா என்ற பெண் பெரிய குவளையில் சர்பத் கொண்டுவந்திருந்தாள். சாம்பிராணி மணத்தது.

"மீன் வளத்துக்கு ஓதுற கிதாபு இங்க இரிக்காமே?" என்று அவர்களுடைய பள்ளியில் ஓதிக்கொடுக்கும் அத்தாஉல்லா லெப்பை பணிவோடு கேட்டார்.

மாஸ்டர் ஒரு பிரதியை நீட்டினார். லெப்பை அதை இரு கையாலும் வாங்கி, வலப்புறமிருந்து திறந்து, கடைசிவரை புரட்டினார்.

"அறபெழுத்து ஒண்டையும் காணல்லியே, மாஸ்டர்."

"இது தமிழில்... மீனைப் பற்றி..."

"மீனுக்கு எதுக்கு ஓதுற? பிடிக்கப்போறவனுக்குத்தான் ஓதணும்" என்று லெப்பை அன்போடு விளங்கப்படுத்தினார்.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள், ஒருவரும் கோபிக்கவில்லை. மிச்சச் சர்பத்தைக் கத்தரினாவுக்குக் கொடுத்துவிட்டு வண்டி ஏறினார்கள். ஒரு புத்தகமும் போகவில்லை.

ஆனால் செய்தி போய்விட்டது. மறுநாள் விடியக்காலையில் பக்கத்து வீட்டு மக்டலின் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"கத்தரினாக்கா, மாஸ்டருக்குப் புதுசா என்ன பேர் வச்சவங்க?"

"என்ன பேர்?"

"மார்க்கம் மாறிற்றாராமே. முத்தத்தில பாய் போட்டுத்தான் நடந்ததாம். சர்பத்தும் குடிச்சீங்களாம்."

கத்தரினா பத்ரகாளியாக உள்ளே வந்தாள்.

"இஞ்ச பாருங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிய, கோயில் வாசலில நிண்டு இந்தப் புத்தகத்தை வாசியுங்க. இதில மீனைத் தவிர ஒண்டும் இல்லையெண்டு சனத்துக்குத் தெரியட்டும்."

அப்படியே மாஸ்டர் நின்றார். மாஸ்டர் மதம் மாறிய கதையைக் கேட்டு ஊரே நின்றது. நடப்பதைப் பார்க்க ஹயாத்து முகம்மதுவும் அத்தாஉல்லா லெப்பையும்கூட ஒதுங்கி நின்றார்கள். மாஸ்டர் முகவுரையைத் தொடங்கினார். அரைமணி நேரமாகியும் முகவுரை முடியவில்லை. சிலர் கொட்டாவி விட்டார்கள். பூவரச மரத்தடியில் ஒருவர் குறட்டையே விட்டார். இது சரிவராது என்று கண்ட மாஸ்டர் ஐம்பத்திரண்டாம் பக்கத்துக்குத் தாவினார்.

"'பள்ளிவாசலின் மினாராவும் தெற்கே நிற்கும் தனிப்பனையும் ஒரே நேராகத் தெரியுமிடத்தில், பதினான்கு பாகம் ஆழத்தில் பாறைத்திட்டாக ஒரு பார் உண்டு. தை அமாவாசைக்குப் பின் நான்கு நாள் அதில் அறுக்குளா மீன் நிற்கும்.'"

குறட்டை நின்றது. பேச்சும் நின்றது. கைக்குழந்தை ஒன்று சிணுங்க, தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

"மாஸ்டர்" என்றான் வின்சன்ட், அடங்கிய குரலில். "இப்பிடி இன்னும் இருக்கோ?"

"பதினெட்டு இடம். கடைசியில் படமும் உண்டு."

யாரும் சிரிக்கவில்லை. கை தட்டவுமில்லை. வின்சன்ட் லெப்பையைப் பார்த்தான். லெப்பை வின்சன்டைப் பார்த்தார். கூட்டம் மெல்லக் கலைந்தது. அந்த அமைதி மாஸ்டரை உடைத்துப்போட்டது. சிரித்திருந்தாலாவது தாங்கியிருப்பார்.

"நாளைக்குக் கடைக்கு அனுப்பிவிடு" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

கத்தரினாவுக்கே மனம் பொறுக்கவில்லை. "ஒரு பத்தையாவது வச்சுக்கொள்ளுங்க. அலுமாரிக்கு மேல கிடக்கட்டும்" என்றாள்.

திங்கட்கிழமை விடியுமுன் வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று வின்சன்டுடையது, மற்றது பள்ளிவாசல்துறையிலிருந்து வந்தது.

"எல்லாம் வேணும், மாஸ்டர்" என்றான் வின்சன்ட்.

"எத்தனை?"

"எல்லாம்."

ஆளுக்குப் பாதியாக ஏற்றினார்கள். மாஸ்டர் கடையில் வாங்கிய அவருடைய சொந்தப் பிரதியையும் கேட்டு வாங்கினார்கள்.

"கையால எழுதின கொப்பி இருக்குமே?" என்று லெப்பை கேட்டார்.

"அதுவும் வேணுமா?"

"அதுதான் முக்கியம்."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கையெழுத்துப் பிரதியைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்தார். அந்தக் கட்டுரைக் கட்டுகளையும் கேட்டார்கள்; கொடுத்தார். அண்ணன் குடும்பம் வந்து அறையில் வசதியாகப் படுத்தது. கத்தரினா எல்லாருக்கும் கேட்கும்படி, "இவர் எழுதின புத்தகம் ஒண்டுகூட மிச்சமில்ல, அண்ணே" என்று மூன்று தரம் சொன்னாள்.

திருநாள் முடிந்ததும் மாஸ்டர் நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வின்சன்ட் வீட்டுக்குப் போனார். வின்சன்ட் கடலுக்குப் போயிருந்தான். மனைவி டொறத்தி கதிரையைத் துடைத்துப்போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"ரெண்டாம் பதிப்புப் போடப்போறேன், பிள்ளை. ஐந்நூறு. நீர்கொழும்புக்கும் அனுப்பலாமென்று யோசனை. சீசனுக்கு இங்கே வந்து வாடி போட்டு மீன்பிடிக்கிறவர்கள்தானே, அவர்களும் வாசிக்கட்டும்."

டொறத்தியின் கையிலிருந்த தட்டம் நழுவி விழுந்தது.

"ஐயோ மாஸ்டர், வேணாம்! கும்பிட்டுக் கேக்கிறன்!"

மாஸ்டர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"ஒளிக்காமல் சொல்லு, பிள்ளை. புத்தகத்தில் பிழை ஏதும் கண்டுபிடித்தார்களா?"

"பிழையோ? ஒரேயொரு பிழை இருந்திருந்தாலும், நீர்கொழும்பார் கையில அகப்படப்படாதெண்டு ரெண்டு ஊரும் சேர்ந்து இருநூறையும் வாங்கி எரிச்சிருப்பமா, மாஸ்டர்?"