காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம்

நாற்பது பேர் உட்காரக்கூடிய ஹாலில் நாலே நாலு மேஜையைப் போட்டுவிட்டு, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்ட ஓட்டல்காரர் உலகத்திலேயே எங்கள் 'ஜப்பான்' ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

இங்கே மராத்தி ஊரில், போசரித் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்தவரைக் கம்பெனி மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பியதாம். திரும்பி வந்து கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு, ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் பாணேரில் கடை திறந்தார். இட்லி மட்டும் நம் ஊர். முழங்கால் உயர மேஜை, கோரைப்பாய், மேஜையைச் சுற்றி மரச்சட்டத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டிய தள்ளுகதவு என்று மற்றதெல்லாம் அந்த ஊர்.

"காலி இடந்தான் தம்பி அழகு. அங்க கடை முழுக்க மேஜையா அடைச்சு வைக்க மாட்டாங்க" என்பார்.

அழகுக்குக் குறைவே இல்லை. கடை எப்போதும் காலியாகத்தான் இருந்தது. "சப்பல், ஷூ எல்லாம் வெளிய" என்று அவர் சொன்னதுமே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள், ஐ.டி. ஆட்களின் சாக்ஸ் லட்சணம் அப்படி. இட்லி ஆவியில் காகிதம் நமத்த அப்பளமாகத் தொங்கும். ஞாயிறுதோறும் புதிதாக ஒட்டுவார்.

"பிளைவுட் போட்டுடலாமேண்ணே?"

"அந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு தெரியணும்ல தம்பி."

நான் அப்போது கோவையிலிருந்து வந்த புதிது. ஹிந்தி சுட்டுப்போட்டாலும் வராது. ஆபீசில் தனியாகத்தான் சாப்பாடு. நாலு வார்த்தை தமிழ் பேசலாம் என்றுதான் தினமும் சாயங்காலம் அவ்வளவு தூரம் நடந்து வருவேன். அவரோ பரிமாறிவிட்டு, "சாப்பிடுறவங்களத் தொந்தரவு பண்றது அங்க தப்பு" என்று கதவை இழுத்துச் சாத்திவிடுவார். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடலாமா என்று வரும்.

ஒருநாள் தண்ணீர் கேட்கக் கதவைத் தள்ளினேன். அந்தப் பக்கம் கதவை ஒட்டித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். கையில் பாதி இட்லி. திருடன் மாதிரி விழித்தார்.

"வீட்ல அவ போனதுலேர்ந்து தனியா சாப்ட்டா இறங்க மாட்டேங்குது தம்பி. நீங்க வர்ற வரைக்கும் காத்திருந்து, நீங்க ஆரம்பிச்சதும் நானும் இப்படி..."

"மொதல்லயே சொல்லிருக்கலாமேண்ணே."

"கஸ்டமர்கிட்ட எப்படிப்பா சொல்றது?"

கதவைச் சட்டத்தோடு கழற்றிச் சுவரில் சாய்த்தோம். அவருடைய ஜப்பானுக்கு அது பெரிய துரோகம். இரண்டு பேருக்கும் வருத்தமில்லை. எதிரெதிரே உட்கார்ந்து எட்டு மாதம் சாப்பிட்டோம். அதற்குமேல் கடை தாங்கவில்லை. மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது எனக்கு ஹிந்தி வரும், மராத்தியும் ஓரளவு வரும், கூட உட்கார்ந்து சாப்பிட ஆட்களும் உண்டு. நான் வரட்டும் என்று பசியோடு உட்கார்ந்திருக்கத்தான் அப்புறம் யாரும் கிடைக்கவில்லை.