இரண்டு பேர் படகில் காலை எங்கே வைப்பது

தாப்பா,
4 செப்டம்பர் 1927, ஞாயிறு

பினாங்கில் கப்பல் பட்டறையில் படம் வரைகிற என் அன்புத் தம்பி ஸ்டானிஸ்லாசுக்கு, தாப்பாவில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிற அக்கா கெர்ட்ரூட் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

சர்வேசுரன் கிருபையால் இங்கே யாரும் மூழ்கவில்லை. உன் வீட்டில் டோரிஸும் பிள்ளைகளும் அதே நிலையில் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நீ மாதிரிக்கு என்று அனுப்பிய இரண்டு பேர் படகு செவ்வாய்க்கிழமை சரக்கு ரயிலில் வந்து சேர்ந்தது. அதைத் தாப்பா ரோடு ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றிவந்த அர்ச்சுனன், வழியில் கேட்டவர்களிடமெல்லாம் டீச்சரம்மா சுறாமீன் வரவழைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கித்தான் துணி போர்த்தி, இரண்டு முனையும் கூராக, நடுவில் இரண்டு ஓட்டையோடு வருகிற சாமானை அவன் இதற்குமுன் எங்கே கண்டான்? ‘கயாக்’ என்று திருத்தினேன். காயா, பழமா என்று கேட்டான். பனி நாட்டில் கடல்நாய் வேட்டைக்குப் போகிறவர்கள் தோலால் கட்டிக்கொள்கிற ஓடம் என்று விளக்கினேன். அப்படியானால் பத்தாங் பாடாங் ஆற்றில் நாய் பிடிக்கப் போகிறோமா என்றான். அதோடு விளக்கத்தை நிறுத்திக்கொண்டேன்.

இது யாருக்காக என்பதை உனக்கு மறுபடியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் கடைசிக் கடிதத்தில் ‘உன் பொழுதுபோக்குப் படகு’ என்று எழுதியிருந்தாய். எனக்குப் பொழுதுபோக்கு இல்லை. வீரம்மாவை நீ இரண்டு வருஷத்துக்கு முன் ஈஸ்டருக்கு வந்தபோது பார்த்தாய்; என் வீட்டுப் பின்னறையில் இருப்பவர், உனக்கு மீன்தலைக் குழம்பு வைத்துக் கொடுத்தவர். சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பதினைந்து வருஷம் ரப்பர் பால் வெட்டி, தோட்டம் கைமாறி ஆட்களைக் குறைத்தபோது இங்கே வந்தவர். ஏழு வருஷமாக இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் போட்டு, பிடித்ததைப் பாசாரில் விற்றுத் தன் சோற்றைத் தானே சம்பாதிக்கிறார். தண்ணீரில் நின்று நின்று கணுக்காலில் புண் வந்து ஆறவில்லை. இனி ஆற்றில் கால் வைத்தால் காலை எடுக்க வேண்டிவரும் என்று புண்ணுக்குக் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரி டிரெசர் சொல்லிவிட்டார். இதைக் கேட்டு அவருடைய அண்ணன் மகன் பழனியப்பன் இந்த மாதக் கடைசியில் வந்து அவரைச் சுங்காய்த் தோட்டத்து லயத்து வீட்டுக்கு அழைத்துப் போவதாக எழுதியிருக்கிறான். நல்ல பிள்ளை. எனக்கு அவன்மேல் ஒரு குறையும் இல்லை, அவன் வருவதைத் தவிர.

“இங்கேயே இருங்க வீரம்மா, நான் என்ன பட்டினியா போடப்போறேன்?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“சும்மா ஒக்காந்து திங்கிறதுக்கு அண்ணன் மகன் வீடு இருக்குல்ல? ஒங்க வீட்ல எதுக்கு?” என்றார்.

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆகவே, காலை நனைக்காமல் மீன் பிடிக்க ஒரு படகு வேண்டும். மரத்தில் செய்த சம்பான் படகு இருக்கிறதே என்பாய். சம்பானைக் கரையேற்ற இரண்டு ஆண்கள் வேண்டும்; எங்கள் வீட்டில் ஒருவர்கூட இல்லை. கித்தானும் ரோத்தான் பிரம்பும் சேர்த்துக் கட்டின ஓடத்தை இரண்டு பெண்கள் தலையில் தூக்கிப் போகலாம் என்று நீ சொன்னது உண்மை. தூக்கிப் போனோம். அதுவரையில் உன் படகில் ஒரு பிழையும் இல்லை.

நீ அனுப்பிய மூன்று வரைபடங்களையும் ஒரு வாரம் மேஜைமேல் விரித்துப் பார்த்திருக்கிறேன். மதராஸில் நான் படித்த கணிதம் எதற்கும் உதவவில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார், இதற்கு உதவியது. முதல் படம் பதினேழு அடி நீளம், மெல்லிய இடுப்பு. நேராக, வேகமாகப் போகும். எங்கள் ஆறு நேராகப் போவதில்லை. மூங்கில் புதரைச் சுற்றி, விழுந்த மரத்தைச் சுற்றி, தனக்கே நினைவில்லாதது போல வளைந்து போகிறது. முதல் வளைவிலேயே அந்தப் படகு கரையில் ஏறித் தோட்டத்துக்குள் போய்விடும். இரண்டாவது படம் பத்தடி, ஒருவர் மட்டும் உட்காருவது, நன்றாகத் திரும்பும். ஆனால் அடிப்பாகம் உருண்டையாக இருக்கிறது. உருண்டை அடி அலைக்கு நல்லது என்று எழுதியிருக்கிறாய். இங்கே அலை இல்லை; மீனைத் தூக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்கிற மனுஷி இருக்கிறார். மூன்றாவது, நீ செய்து அனுப்பியது: பதின்மூன்று அடி, அகலமானது, இரண்டு பேருக்கு. இரண்டு பேர் எதற்கு என்று கேட்டதற்கு, நோயாளியைத் தனியாக அனுப்பக் கூடாது என்று எழுதினாய். அது நியாயமாக இருந்தது. இடுப்பின் அகலம் எழுதி அனுப்பச் சொன்னாயே, அந்த இடத்தில் நான் குறித்தது பள்ளிக்கூட நாற்காலியின் அகலம். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நாற்காலிக்குக் கைப்பிடி கிடையாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

நேற்றுக் காலை, கரையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போனோம். அர்ச்சுனன் மட்டும் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். அவன் ஒருவனே ஒரு ஊர் என்பதை மறந்துவிட்டேன். ஆறு தெரிந்தவர் முன்னால் உட்கார வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஆகவே வீரம்மா முன்னால், நான் பின்னால். காலை நீட்டி உட்கார வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். நீட்டினேன். நீட்டினால் என் இரண்டு பாதங்களும் வீரம்மாவின் இடுப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகப் போய் நிற்கின்றன. உன் வரைபடத்தில் மனிதர்களுக்குக் கால் வரையவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

“டீச்சரம்மா, துடுப்பப் போடுங்க. ஏன் அப்படியே இருக்கீங்க?”

“காலை எங்கே வைக்கிறதுன்னு பார்க்கிறேன்.”

“காலா? அது பாட்டுக்கு இருக்கட்டும்லா.”

துடுப்புப் போட்டேன். நான்காவது முறை வலித்தபோது குதிகால் அவர் முதுகில் இடித்துவிட்டது. அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. துடுப்பை விட்டேன், வலது கையால் அவர் தோளைத் தொட்டேன், தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பெஞ்சில் உட்காரும்போது பக்கத்துப் பிள்ளைமேல் கால் பட்டால் செய்வோமே, அதேதான். அம்மா சொல்லிக் கொடுத்தது. பி.ஏ. வகுப்பில் அதை மறக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

“ஐயையோ! என்ன டீச்சரம்மா, என்னையா தொட்டுக் கும்புடுறீங்க?” என்று வீரம்மா முழு உடம்பையும் திருப்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு மரியாதையைத் தாங்கும்படி உன் படகு கட்டப்படவில்லை. கவிழ்ந்தது.

தண்ணீர் தொடையளவுதான். என் கண்ணாடிகூடப் போகவில்லை. ஆனால் அவர் காலிலிருந்த கட்டு நனைந்துவிட்டது.

“யக்கா!” என்று அர்ச்சுனன் கரையிலிருந்து கத்தினான். “மீன் புடிக்கப் போனீங்களா, கால் புடிக்கப் போனீங்களா?”

“ஒன் மாட்டப் புடிடா, அது போயிக்கிட்டிருக்கு!” என்றார் வீரம்மா. மாடு உண்மையிலேயே போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை இடம் மாற்றினோம். நான் முன்னால், அவர் பின்னால். எனக்கு நேராகக் கால் நீட்ட அவர் மறுத்துவிட்டார். அந்தச் சின்ன ஓட்டைக்குள் எப்படியோ சம்மணம் போட்டு, முழங்கால் இரண்டும் கித்தான் மூடிக்குமேல் வர, ஆளே ஒரு முழம் உயரமாக உட்கார்ந்தார். இந்த ஓடம் சம்மணம் போடாத நாட்டுக்காரர்கள் கட்டியது, ஸ்டானிஸ்லாஸ். மேலே கனம் ஏறியதும் அது அடம் பிடித்தது. ஒரு கால் மரத்துப்போய் நழுவி என் முதுகைத் தொட்டது. துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. அவர் இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொண்டேன். திரும்பிப் பார்க்க நேரமும் இருக்கவில்லை.

மூன்றாம் முறை ஒப்பந்தம் செய்துகொண்டோம். “படகில கால் பட்டா அது கால் இல்லை, சரியா?” என்றேன். “சரிங்க. மரக்கட்டைன்னு வச்சிக்குவோம்,” என்றார். அவர் முன்னால், நான் பின்னால். நான் காலை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டதில் தொடை பிடித்துக்கொண்டது. இருந்தும் ஒரு மூங்கில் நிழலில் கால் மணி நேரம் நின்றோம். வீரம்மா ஒரு கெளுத்தியைப் பிடித்தார். முழங்கை நீளம் இருக்கும். தூக்கிப் போட்டவுடன் அது மூடின கித்தானுக்கு அடியில், எந்தக் கையும் எட்டாத முனைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அதைத் தேட அவர் குனிந்தார். நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். கால் பட்டது. ஒப்பந்தப்படி இருவரும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் செய்யாமலிருக்க இருவரும் பட்ட பாட்டில் படகு அப்படி நடுங்கியது. கரைக்கு வந்து, அர்ச்சுனன் படகைத் தலைகீழாகத் தூக்கி உதறித்தான் மீனை எடுத்தோம்.

வீட்டுக்கு வந்து டிரெசரை அழைத்தேன். அவர் கட்டை மாற்றினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அது போதும்.

நேற்று முழுவதும் இதையே யோசித்தேன். நான் வீரம்மாவை முதல் நாளிலிருந்து ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுகிறேன். அதோடு மரியாதைப் பாடம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். வீட்டில் அவருக்கு ஒரு கதவு, எனக்கு ஒரு கதவு. யாருக்கு யார் முன்னால் என்ற கேள்வி வந்ததே இல்லை. படகுக்கு முன், பின் என்று இரண்டே இடம்தான் உண்டு. அவர் பின்னால் இருந்தால் அவருக்கு வருத்தம், நான் பின்னால் இருந்தால் எனக்கு. ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கிற மதிப்புதான் எங்களை மூன்று முறையும் தண்ணீரில் தள்ளப் பார்த்தது. இரண்டு முறை தள்ளியும்விட்டது. மதிப்பைக் குறைத்துக்கொள்வது எங்கள் வயதில் முடியாது. ஆகவே இருக்கையைக் குறைக்க வேண்டும்.

என் முடிவு இது. இரண்டாவது படத்தை எடுத்துக்கொள், ஒரே இருக்கை. அடியைத் தட்டையாக்கு, வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, மீன் பிடிக்கிற படகு போவதைவிட நிற்பதே முக்கியம். மேல்மூடியை எடுத்துவிடு, பிடித்த மீன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சம்மணம் போட்டு உட்காரும்படி நடுவை அகலமாக்கு. இருக்கை தாழ்வாக இருக்கட்டும். கல்லைக் கட்டி இறக்க ஒரு வளையம் வை. பழனியப்பன் வருவதற்கு முன் வந்து சேர வேண்டும். வீரம்மா தனியாகப் போகட்டும். நான் குடையோடு கரையில் இருந்து பார்த்துக்கொள்வேன். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன், இதில் மாற்றம் இல்லை.

டோரிஸுக்கு என் பிரியம். சின்னவளுக்கு முளைத்த பல்லுக்கு என் வாழ்த்து. தேவமாதா உங்கள் கூரையையும் உன் பட்டறையையும் ஒரே கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அக்கா,
கெர்ட்ரூட்

பின்குறிப்பு: ஒருவரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு அவருக்குத் தெரியாமல் அனுப்புவது முறையில்லை என்று, உறையில் போடுமுன் இதை வீரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மாடு போன இடத்தில் நன்றாகச் சிரித்தார். ஒரே இருக்கை என்றதும் நிறுத்தச் சொன்னார்.

“ஒத்த ஆளுக்கா படகு?”

“ஆமா. உங்களுக்கு.”

“நீங்க?”

“கரையில் இருப்பேன்.”

“கரையில நின்னு பாக்க நான் என்ன கப்பலா? தனியாப் புடிக்கிறதுன்னா சுங்காய்க்கே போலாமே. அங்கயும் ஆறு ஓடுது.”

கடிதத்தைக் கீழே வைத்தேன். அவர் எழுந்து போய் சாப்பாட்டு மேஜையிலிருந்து இரண்டு நாற்காலிகளை இழுத்துவந்து, ஒன்றின் முதுகு மற்றதன் முதுகில் ஒட்டும்படி போட்டார். “ஒக்காருங்க,” என்றார். உட்கார்ந்தேன். என் கால் வாசலைப் பார்த்து நீண்டது. அவர் கால் அடுப்பங்கரையைப் பார்த்து.

“இப்ப யார்மேல கால் படுது?”

யார்மேலும் படவில்லை. யாரும் முன்னாலும் இல்லை. “ஆனால் ஆளுக்கொரு திசையில் துடுப்புப் போட்டால் படகு எங்கேயும் போகாதே, வீரம்மா,” என்றேன்.

“எங்க போகணும்? கெளுத்தி இங்கதானே இருக்கு!”

ஆகவே மேலே எழுதிய முடிவைக் கிழித்துப் போடு. மூன்றாவது படம்தான்: பதின்மூன்று அடி, தட்டை அடி, மேல்மூடி இல்லை, இரண்டு முனையும் ஒரே மாதிரி, முதுகுக்கு முதுகாக இரண்டு இருக்கை. இடுப்பின் அகலத்தை இந்த முறை சரியாக அளந்து தனித் தாளில் வைத்திருக்கிறேன்; பட்டறையில் யாருக்கும் காட்டாதே. அழைத்துப் போக வர வேண்டாம், குழம்பு சாப்பிட வா என்று பழனியப்பனுக்கு ஒரு கார்டு எழுதச் சொன்னார். அதை இதற்கு முன்னாலேயே தபாலில் போட்டுவிட்டேன். இரண்டு இருக்கைக்கும் நடுவில் சாய்வுப் பலகை வைக்கவா என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். வேண்டாமாம். “அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே,” என்கிறார்.