மார்த்தா அம்மாளும் என் மீன் குழம்பும்

ரிச்சர்ட்சன், டெக்சாஸ்

மதிப்புக்குரிய சம்பந்தி பிச்சுமணி அவர்களுக்கு, சுப்பையன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகன் வேலுமணியும் தங்கள் மகள் வான்மதியும் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் தங்கள் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும். இது நானே என் கையால் எழுதும் கடிதம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பல் விழுந்த பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கற்றேன். மெதுவாகத்தான் வருகிறது, காலையில் தொடங்கினேன், வெயில் பின்வாசலுக்குப் போய்விட்டது. எழுதும் முதல் கடிதமே புகார்க் கடிதமாகிவிட்டதே என்பதுதான் வருத்தம்.

புகார் தங்கள் மகள் மேல் அல்ல, தங்கள் ஜோசியர் மேல். புது வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்து, கராஜ் கதவு பாதியில் நின்று, வேலுமணி மாடிப்படியில் சறுக்கி விழுந்ததும் தாங்கள் பதறிப்போய் அவரிடம் கேட்டீர்கள். "அந்த மண்ணுக்குச் சொந்தக்காரி ஒருத்தி, புருசனப் பறிகொடுத்தவ, பசியோட நிக்கிறா. சேலை வச்சுப் படையல் போடுங்க. அதுவரைக்கும் வீட்டுல கவுச்சி ஆகாது" என்று அவர் சொன்னதை ஸ்பீக்கரில் போட்டு எங்களுக்கும் கேட்க வைத்தீர்கள். அவர் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிறார். நான் கடைசியாக மீன் குழம்பு சாப்பிட்டது பொங்கலுக்கு முன்னால்.

படையல்தானே, ஓர் இலையைப் போட்டு முடித்துவிடலாம் என்றேன். "பேரச் சொல்லிக் கூப்பிடாமப் போட்டா யாரு மாமா வருவா? போறவ வர்றவல்லாம் வந்து உக்காந்துக்குவா" என்றாள் வான்மதி. பெயர் மட்டும் போதாதாம். யார் மகள், யாரைக் கட்டியவள், பிள்ளைகள் என்ன ஆனார்கள் எல்லாம் வேண்டுமாம். நம் ஊரென்றால் டீக்கடையில் கேட்டால் முடிந்தது. இங்கே பக்கத்து வீட்டுக்காரன் பெயரே எனக்குத் தெரியாது. அவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவே இல்லை. டெக்சாஸ் தனி நாடாக இருந்த காலத்தில், சண்டையில் செத்த சிப்பாய்களின் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்களாம். நம் வீடு நிற்கும் இடமும் அப்படி ஒரு சிப்பாயின் மனைவி மார்த்தாவுக்குக் கொடுத்ததாம். பெயர் கிடைத்துவிட்டதே என்று நான் மீன் சட்டியைத் துலக்கி வைத்தேன்.

"இருங்க மாமா. அதே பேர்ல இன்னொரு மார்த்தா இருக்கா. தப்பான ஆளுக்குப் போட்டுட்டா?"

"சாப்பிட்டுட்டுப் போறா, விடும்மா."

"மாமா, ப்ளீஸ், கொஞ்சம் சீரியஸா இருங்க."

அதற்குப் பிறகு சனி ஞாயிறெல்லாம் கல்லறைதான். இரண்டு மணி நேரம் ஃப்ரீவே, அப்புறம் முள்ளுக்காடு. ஒரு கல்லறையில் பூ வைக்க வந்த அம்மாளிடம் வான்மதி, உங்கள் தாத்தா யார், அவர் எந்த வீட்டில் பெண் எடுத்தார், உங்கள் பெண்ணை எங்கே கட்டிக் கொடுத்தீர்கள் என்று நம் ஊர் வழக்கப்படி விசாரிக்க, அந்த அம்மாள் காரில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். "அப்பா, இனிமே நீங்களாச்சும் இவளத் தடுங்க" என்று வேலுமணி என்னிடம் சொல்கிறான். கட்டியவன் அவன்!

கடைசியில் மார்த்தாவின் வழியில் வந்த டேல் என்பவரைக் கண்டுபிடித்தாள். தெற்கே கடலோரத்தில் வீடு. நிலைப்படியில் தொப்பி இடிக்கும் உயரம். தட்டில் தேங்காய், பழம், சிவப்புக் கண்டாங்கிச் சேலை வைத்து நீட்டினோம். மனிதர் சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பதிலுக்குப் புகையில் வெந்த ஒரு முழுக் கோழியை என் முன்னால் வைத்தார். கை போனது. மேஜைக்கு அடியில் தங்கள் மகள் என் காலை மிதித்தாள். வயிறு சரியில்லை என்று சைகை காட்டினேன், சம்பந்தி. அந்தக் கோழியின் வாசம் இன்னும் என் சட்டையில் இருக்கிறது.

டேல் சொன்னதுதான் விசேஷம். மார்த்தா இந்தப் பக்கமே வந்ததில்லையாம்! புருஷன் செத்ததும் பிள்ளைகளோடு கடலோரத்திலேயே இருந்துவிட்டாளாம். நிலம் வந்த சேதி அவளுக்கு முன்னால் ஒரு தரகனுக்குத் தெரிந்து, அவன் நிலத்தை எழுதி வாங்க ஒரு தாளை நீட்ட, இவள் என்னவென்று தெரியாமலே கீறிக் கொடுத்துவிட்டாளாம். அதன் நகலையும் காட்டினார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோணலாக ஒரு பெருக்கல் குறி.

ஆகவே சம்பந்தி, இந்த மண்ணில் எவளும் பசியோடு நிற்கவில்லை. குழாய் வெடித்தது குளிரில். கராஜ் கதவுக்கு பேட்டரி தீர்ந்துவிட்டது. வேலுமணி விழுந்தது போனைப் பார்த்துக்கொண்டு இறங்கியதால். தங்கள் ஜோசியரிடம் இதைச் சொல்லவும். "சரி மாமா, நீங்க ஜெயிச்சிட்டீங்க, நாளைக்கே மீன் வாங்கலாம்" என்று வான்மதியே நேற்று ஒப்புக்கொண்டாள். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். தங்கள் முழங்காலுக்கு முருகன் துணை.

இப்படிக்கு,
சுப்பையன்

பின்குறிப்பு: மேலே என் பெயரை எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் வரை அந்த இடத்தில் மை தடவிய கட்டைவிரலைத்தான் வைத்தேன். எந்தத் தாளில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது. அடுப்படியில் வான்மதி மீன் அலசிக்கொண்டிருந்தாள். ஃப்ரீசரில் வை என்றேன். "அவங்கதான் இங்க வரவே இல்லையே மாமா!" என்றாள். "வராதவளத்தான் தாயி கூப்பிடணும்" என்றேன். வெள்ளிக்கிழமை படையல். முதல் சேலை டேல் தோளோடு போய்விட்டதால் நல்லதாக ஒன்று வாங்கப் போகிறோம். இலைக்கு முன்னால் வைக்க அவள் பெயரை நானே எழுதுகிறேன். 'ர்த்' வரும் இடத்தில் புள்ளி விட்டுப்போகிறது, பழகிக்கொண்டிருக்கிறேன். படையலில் அவளுக்குப் பிடித்ததை வைப்பதுதானே முறை? மீன் பிடிக்குமா என்று டேலிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கடலோரத்துக்காரி, பிடிக்காமலா இருந்திருக்கும்.