ஒன்றும் சாப்பிடாத மனிதர்

வாசகரே, ஒன்றும் சாப்பிடாத மனிதர் என்று ஒரு ரகம் உண்டு. பட்டினி கிடப்பவர் வேறு, இவர் வேறு. இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றினால்தான் இவருடைய சட்டப்படி அது சாப்பாடு. மற்றதெல்லாம் சும்மா வாயில் போட்டுக்கொள்வது.

கொல்லிமலை குண்டூர் நாட்டு மிளகு விவசாயி மருதாசலம் இந்த ரகத்தில் முதல் தரம். இரண்டு மாதமாக மலத்தில் ரத்தம். குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தால்தான் புற்றா, வெறும் புண்ணா என்று சொல்ல முடியும் என்றார் நாமக்கல் டாக்டர். முதல் நாள் முழுக்க இளநீர், வடிகட்டிய கஞ்சித்தண்ணீர், பால் விடாத டீ மட்டும். சாயங்காலம் இரண்டு லிட்டர் தண்ணீரில் பேதி மருந்தைக் கலக்கிக் குடித்துக் குடலைக் கழுவிவிட வேண்டும்.

"விரதம் நமக்குப் புதுசுங்களா? இருவது வருசமாக் கிருத்திகை தவறுனதில்லீங்க," என்றார் மருதாசலம். டாக்டர் பாவம், நம்பிவிட்டார்.

பேதி மருந்தைக் குடித்துவிட்டு எழுபது கொண்டை ஊசி வளைவுகளை பஸ்ஸில் இறங்க யாருக்குத் தைரியம் வரும்? மனைவி தாமரைச்செல்வியோடு முன்கூட்டியே அடிவாரத்துக் காரவள்ளிக்கு, மகள் கோகிலா வீட்டுக்கு வந்துவிட்டார். மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? மடியில் ஒரு பலாப்பழமும் வந்தது.

விரத நாள் காலை இளநீர். சரி. பத்து மணிக்குப் பழத்தை வெட்டும்போது ருசி பார்க்க நாலு சுளை; பதினொன்றுக்கு வாய் சப்பென்று இருந்ததால் ஒரு கை வறுத்த கடலை; மத்தியானம், வெறும் வயிற்றில் மருந்து இறங்கினால் புண்ணாகிவிடுமே என்கிற முன்யோசனையில், தேன் விட்டுப் பிசைந்த தினைமாவு இரண்டு உருண்டை.

"ஏனுங்க, டாக்டரு என்னங்க சொன்னாரு?" என்று பதறினாள் தாமரைச்செல்வி.

"பழம் எப்பப் புள்ள சாப்பாடாச்சு? நான் சோத்தத் தொட்டனா?"

தொடவில்லை. அது சத்தியம்.

சாயங்காலம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு லிட்டர் குடித்தார். நாலு முறை ஓடி வந்ததும், "இதுக்கு மேல உள்ள என்ன இருக்குது?" என்று மீதியைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். அவர் சோறில்லாமல் இருக்கையில் தனக்கு மட்டும் எப்படி இறங்கும் என்று, அன்றெல்லாம் கஞ்சித்தண்ணீர் தவிர வேறெதையும் தொடாமல் கிடந்தவள் தாமரைச்செல்விதான்.

மறுநாள் குழாய் உள்ளே போன ஐந்தாம் நிமிடமே வெளியே வந்துவிட்டது. டாக்டருக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான். "கடலைத்தோலு, பலாநாரு, இன்னும் என்னென்னமோ கெடக்குது. குடலே தெரியலைங்க. அடுத்த வியாழக்கிழமை மறுபடி வாங்க."

"நான் ஒண்ணுமே சாப்புடலீங்களே!"

தாமரைச்செல்வியிடம் விசாரித்துவிட்டு வந்த நர்ஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பட்டினி கெடந்தது இந்தம்மாதானாமே! இவங்களப் படுக்க வெச்சிருந்தா கண்ணாடியாட்டம் தெரிஞ்சிருக்கும்."

தாமரைச்செல்வி சிரிக்கவில்லை. "இன்னைக்குத் தெரிஞ்சிரும்னுதானுங்க உசுரக் கையில புடிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னும் ஒரு வாரம் நான் எப்பிடிங்க தூங்குவேன்?" என்று முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நாலு சுளைக்காக இவளை இப்படி அழவைத்தோமே என்று மருதாசலத்துக்கு உறுத்தியது.

நீங்கள் தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். போன மாதம் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுத்தீர்களே, "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று ஊசியோடு நின்ற பெண்ணிடம் கூசாமல் தலையாட்டி மறுத்தீர்களே, வரும் வழியில் குடித்த அந்த அரை டம்ளர் காபி யார் வயிற்றுக்குள் போயிற்று?