பெரிய துரையின் குதிரை செத்த வருடம்

குண்டசாலை
14.08.2008

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா ராக்கம்மாவுக்கு, தம்பி கறுப்பையா தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு முதலில் மன்னித்துக்கொள். நாற்பது வருடம் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, பேனாவையும் வெட்டுவதற்கு ஓங்குகிற மாதிரியே பிடிக்கிறது. இரண்டு இடத்தில் தாள் கிழிந்திருக்கும். அது கோபம் இல்லை, பழக்கம். நானும் ரத்தினம்மாவும் முருகன் புண்ணியத்தில் சுகம். கோத்தகிரியில் நீயும், இதை உனக்கு வாசித்துக் காட்டப்போகும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். நீ கப்பலேறிப் போன நாளிலிருந்து யாரோ எழுதிக்கொடுத்த கடிதம்தான் உனக்கு வந்தது. நான் ஒரு மணி நேரம் சொன்னால் அவர்கள் நாலு வரி எழுதுவார்கள். இது முழுக்க நான்தான். எழுத ஆறு நாள் ஆனது.

விஷயத்துக்கு வருகிறேன். உன்னைப் பார்க்க நான் கோத்தகிரிக்கு வரப்போகிறேன். அதற்குப் பாஸ்போட் வேண்டும், பாஸ்போட்டுக்கு அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் பிறந்த திகதி வேண்டும். பிறப்புச் சீட்டு எழுபத்தேழு கலவரத்தில் லயத்து வரிசை வீடுகளோடு எரிந்து போனது உனக்குத் தெரியும். அட்டை இல்லாமல் இப்போது கண்டி டவுனுக்குப் போய்வருவதே பெரும்பாடு. நான் தேத்தண்ணி ஊற்றுகிற சங்கம் இருக்கிறதே, தோட்டத்து ஆட்களுக்கு அட்டை எடுத்துக் கொடுக்கிற சங்கம், அவர்கள் போன வருடம் எனக்கு ஒரு கடுதாசி தந்தார்கள். அதை இந்த வருடம் சோதனைச் சாவடியில் காட்டினேன். ஆமிக்காரப் பையன் வாசித்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் வாசித்தான். “சீயா, ஒங்களுக்கு நூத்தியெட்டு வயசா?” என்று சிங்களத்தில் தாத்தா முறை வைத்துக் கேட்டு, துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன்னுடைய கதிரையை எனக்குப் போட்டுவிட்டான். அரை மணி நேரம் உட்காரவைத்து, என்ன சாப்பிட்டு இப்படி இருக்கிறேன் என்று விசாரித்தான். பஸ் போய்விட்டது.

நடந்தது இதுதான். தோட்டத்து ஆபீஸ் கம்பியூட்டர்கள் எங்கள் பேர், ஊர், திகதி எல்லாவற்றையும் சங்கத்துக் கம்பியூட்டருக்கு அனுப்பும். எப்படி அனுப்புவது என்று யாரோ ஒரு புத்தகம் அடித்துக் கொடுத்திருந்தார்கள். பிறகு கம்பியூட்டரை மாற்றினார்கள், புத்தகத்தை மாற்றவில்லை. நான் கடைசியாக வேலை பார்த்த தெல்தோட்டைத் தோட்டத்துக் கிளாக்கர் புத்தகத்தை நம்பி, திகதி போடுகிற இடத்தில் வயதைப் போட்டிருக்கிறார். கம்பியூட்டரும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு, விளங்காததையெல்லாம் 1900 ஜனவரி ஒன்றாம் திகதி என்று எழுதிவிட்டது. முந்நூறு பேர் ஒரே நாளில் பிறந்தோம் அக்கா. அவ்வளவு மனுவும் திரும்பி வந்தது.

இதைச் சரிசெய்ய யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி வந்தாள், கமலாசனி என்று பேர். அவள் கட்டினது ஒரு வாசல் மாதிரி. பேர் போகிற இடத்தில் பேர்தான் போகும், திகதி போகிற இடத்தில் திகதிதான் போகும். வேறு வகை வந்தால் வாசலிலேயே நிறுத்தி, காரணத்தையும் சொல்லித் திருப்பி அனுப்பும். அதைவிடப் பெரிய அதிசயம், புத்தகத்தை யாரும் அடிக்கத் தேவையில்லை. என்ன வாங்குவேன், என்ன வாங்கமாட்டேன் என்று அந்த வாசலே ஒரு பக்கம் எழுதிக் காட்டும். அவள் உள்ளே ஒன்றை மாற்றினால் பக்கமும் தானாக மாறும். மூன்று பாஷையிலும் வரும். “ஐயா, நீங்கள் இப்பதானே வாசிக்கப் பழகினனீங்கள். உங்களுக்கு இந்தப் பக்கம் விளங்கினால் எல்லாக் கிளாக்கருக்கும் விளங்கும். வாசிச்சு உங்கட விபரத்தையே அனுப்பிப் பாருங்கோ” என்றாள். எனக்கு வந்த சந்தோசத்தில் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தே போனேன், அடி கருகிவிட்டது.

பேர் போட்டேன், வாங்கிக்கொண்டது. தோட்டம் போட்டேன், வாங்கிக்கொண்டது. பிறந்த திகதி என்ற இடத்தில் எனக்குத் தெரிந்த உண்மையைப் போட்டேன்: பெரிய துரையின் குதிரை செத்த வருடம், தைப்பூசத்துக்கு மறுநாள். “இது திகதி அல்ல” என்று திருப்பியது. தைப்பூசத்தை முன்னுக்குப் போட்டு எழுதினேன். “இது திகதி அல்ல.” குதிரையின் நிறத்தையும் சேர்த்தேன். “இது திகதி அல்ல.” பதினோரு தரம் அக்கா! கோபம் இல்லை, சலிப்பு இல்லை, ஒரே பதில். நம்ம கங்காணிகூட நாலாம் தரம் கத்திவிடுவார்.

“ஏதாவது ஒரு நாளைப் போடுங்கோ ஐயா. கனபேர் ஜனவரி ஒண்டுதான் போடுறவை” என்றாள் கமலாசனி.

“ஏற்கெனவே ஒரு ஜனவரி ஒண்ணு எனக்கு நூத்தியெட்டு வயசாக்கிடிச்சு மிஸ். எழுபது வயசுக்கு மேல எழுதப் படிச்சிட்டு, மொத மொதல்ல பொய்யா எழுதுவேன்?”

“வகை எண்டால் வகைதான். உதுக்காக வாசலை உடைக்கேலாது.”

“ஒடைக்கச் சொல்லல. நான் பொறந்தது நெசம். அது ஒங்க வாசலுக்குத்தான் தெரியல.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் விடவில்லை. தேத்தண்ணியை நேரத்துக்குக் கொடுத்தேன், ஆனால் கொடுத்துவிட்டு எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இரண்டு நாள் அப்படியே இருந்தேன். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். “வாங்கோ, இப்ப வாசியுங்கோ.” பக்கம் மாறியிருந்தது. திகதியை இனி மூன்று வகையாகக் கொடுக்கலாம். முழுத் திகதி தெரிந்தவர் ஒரு வகை. வருடம் மட்டும் தெரிந்தவர் ஒரு வகை. இரண்டும் தெரியாதவர் ஞாபகத்தை எழுதலாம், ஆனால் ஒரு சாட்சியின் பேரும் அவருக்கு அது எப்படித் தெரியும் என்பதும் கட்டாயம். அப்படி வந்தால் மேலிடத்தில் விசாரித்து எடுத்துக்கொள்வார்களாம். அதற்குக் கீழே உதாரணம் என்று ஒரு வரி. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். பெ, ரி, ய, து, ரை, யி, ன், கு, தி, ரை... அக்கா, என் குதிரை! மூன்று பாஷையிலும் செத்துக் கிடக்கிறது! நான் சிரித்த சிரிப்பில் சங்கத்துக்குக் கீழே இருக்கிற கடைக்காரர் மாடியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஆகவே நீதான் என் சாட்சி. அம்மாவும் அப்பாவும் இல்லை, நான் பிறந்ததைப் பார்த்த கண் உன்னுடையது ஒன்றுதான் மிச்சம். அப்போது உனக்கு எத்தனை வயது, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்துக்கு யார் சேதி கொண்டுபோனது, ஞாபகம் இருப்பதை மருமகளைக் கொண்டு எழுதி, கைநாட்டு வைத்து அனுப்பு. இல்லாததைச் சேர்க்காதே. உண்மையை மட்டும் எழுது. உண்மைக்காக இரண்டு நாள் முக்காலியில் உட்கார்ந்தவன் கேட்கிறேன்.

மருமகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கு என் கும்பிடு. நம்ம குலசாமி இரண்டு கரையிலும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
கறுப்பையா

பி.கு: கவரை ஒட்டப்போகும்போது பக்கத்து வீட்டு அழகர் வந்தான். மடுல்கெல்லயில் நம்ம லயத்துக் கடைசிக் காம்பிராவில் இருந்த அதே அழகர்தான். அவனுக்கும் திகதி தெரியாது, சாட்சியும் இல்லை. பாவமாக இருந்தது. சங்கத்துக்குக் கூட்டிப்போய் நானே எழுதி அனுப்பினேன். சாட்சி: கறுப்பையா. எப்படித் தெரியும்: இவர் பிறக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். வாசல் உடனே திறந்துவிட்டது. பிறகுதான் கமலாசனி கேட்டாள், “ஐயா, இவர் உங்களைவிட இளையவரோ?” அழகர் முந்திக்கொண்டான்: “இவன நான் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன் மிஸ்!” அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “இது வகையைத்தான் பாக்கும் ஐயா, பொய்யைப் பாக்காது.” அதை முதலிலேயே பக்கத்தில் எழுதியிருக்கலாமே என்றேன். இப்போது எழுதிவிட்டது: சாட்சி, மனு போடுபவரைவிட மூத்தவராக இருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் மூத்த ஆள் உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான். ஆகவே அழகர் பிறந்ததையும் எழுதி அனுப்பு. ஞாபகம் இல்லையென்றால் கொஞ்சம் சேர்த்துக்கொள். ஒரு கடிதம் எழுத எனக்கு ஆறு நாள் ஆவதால், அடுத்த வாரத்துக் கடிதத்தை இன்றைக்கே தொடங்குகிறேன்.