திராட்சைக்கொடிக்குப் பச்சை பெயின்ட்

"கொடியைக் காட்டுடா!"

போனில் அக்காவின் முகம் தெரிந்ததும் பெயின்டர் அவசரமாக அண்ணாந்து கொடியைப் பார்த்தான். தொண்டை ஆபரேஷனுக்காக வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போனவள், வாசல் பந்தலில் படர்ந்திருந்த திராட்சைக்கொடியைத் தம்பி பொறுப்பில் விட்டிருந்தாள். அது மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

இவனோ சைக்கிளைக் கொடுத்தால் பெல்லை மட்டும் திருப்பிக் கொண்டுவருகிற ஆள். வேலை ஆகவேண்டும் என்றால்தான் அக்கா வீட்டை எட்டிப் பார்ப்பான். இந்த ஒரு விஷயத்திலாவது அவளிடம் நல்ல பேர் வாங்கவேண்டும் என்று ஆசைப்பட்டான்.

போனைத் திருப்பி, பச்சை மிச்சமிருந்த மூலையை மட்டும் காட்டினான்.

"சாப்பிட்டியாடா?"

"அதை விடுக்கா, இலையைப் பாரு!"

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். மஞ்சள் கூடியது.

"வேர் மூச்சு முட்டுதுய்யா, தண்ணியை நிறுத்து" என்றார் நர்சரிக்காரர். நிறுத்தினான். இலை சுருண்டது. உரத்தை அள்ளிப் போட்டான். ஓரமெல்லாம் கருகியது.

கடைசியில் கைவந்த கலையே கைகொடுத்தது. கடைக்குக் கடை போர்டு எழுதுகிறவன் அல்லவா? ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு இலைக்கும் பச்சை அடித்தான். ஒரு மழை வந்து அத்தனையையும் கழுவிவிட்டுப் போனது. மறுபடி ஏறி எனாமல் அடித்தான்.

"என்னடா இப்படி மினுங்குது?"

"உரம்க்கா, உரம்!"

அக்கா இருமி இருமிச் சிரித்தாள். "சரி, நீ எப்படி இருக்கே?"

"இந்தப் பக்கம் பாருக்கா, துளிர்!" என்று அவசரமாகக் காட்டிவிட்டு, குட்டு உடைவதற்குள் போனை வைத்தான்.

அடுத்த வாரம் அக்காவுக்குத் துணிமணி எடுத்துப்போக அவள் வீட்டுக்காரர், மாமா மட்டும் வந்தார். ஏணியில் நின்றவன் பிரஷ்ஷோடு அப்படியே உறைந்தான். மாமா ஓர் இலையைத் தொட்டார். விரலெல்லாம் பச்சை.

"மாமா, மன்னிச்சிடுங்க. கொடியைக் கொன்னுட்டேன். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

மாமா விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஆபரேஷன் முடிஞ்சுது மாப்பிள்ளே. உயிருக்குப் பயமில்லை. டாக்டர் முன்னாடியே சொன்ன மாதிரி, பேச்சுதான் போயிடுச்சு."

பெயின்டர் ஏணியிலிருந்து இறங்கினான். கொடி ஒன்று பட்டுப்போனதுக்கு இத்தனை நாள் பயந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"அப்போ... கொடியைப் பத்தி நான் சொன்ன பொய்யெல்லாம்?"

"குளிர் வந்தா இது வருஷா வருஷம் மஞ்சளாகி உதிரும், அப்புறம் தானா துளிர்க்கும். வச்சவளுக்குத் தெரியாதா? குரல் போறதுக்குள்ள உன்கூட நாலு வார்த்தை பேசணும்னுதான் தினம் கூப்பிட்டா. நீ இலையையே காட்டிட்டிருந்தே."