ராணியை நான்தான் கொன்றேன்

தனியாகச் சாப்பிடுகிறவனுக்குக் குழம்பில் உப்பு கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று கடைசிவரை தெரியாது. முகத்தைச் சுளித்துக் காட்ட எதிரே ஒரு ஆள் வேண்டும். மதுரை கோச்சடையில் ஒற்றை அறை பிடித்து, ஒரு டைல்ஸ் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அந்த ஆள் இல்லை. சொந்த ஊர் எழுமலையில் வாய் ஓயாமல் பேசித் திரிந்தவன், இங்கே வந்த பிறகு நாளெல்லாம் பேசியது "அண்ணே, ஒரு டீ" என்பது மட்டும்தான்.

மத்தியானம், கடையில் கணக்குப் பார்க்கும் செல்வி அக்காவும் குடோன் பாண்டி அண்ணனும் ஒரு மேஜையில் சாப்பிடுவார்கள். நான், சாம்பிள் டைல்ஸ் அடுக்கியிருக்கும் மூலையில். (டைல்ஸ் நல்ல துணை. எதிர்த்துப் பேசாது.) அவர்கள் பேச்சு முழுக்கப் புதிதாக வந்திருந்த ஒரு தொடரைப் பற்றித்தான். ராக்கெட் ஓட்டுகிறவன் கையில் மந்திரக்கோல், சந்திரனில் ஒரு ராணி, அவளுக்குக் காவலாக மந்திரம் ஓதும் ரோபோ. தினம் ஒரு பாகம் மட்டும் பார்ப்பது, மறுநாள் சோற்றோடு சேர்த்து அலசுவது என்று இருவருக்கும் ஒப்பந்தம்.

ஒருநாள் செல்வி அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்களும் பாருங்க. பாத்துட்டு நாளைக்கு இங்கிட்டு வந்து உக்காருங்க, பேசுவோம்."

அந்த 'இங்கிட்டு' சாயங்காலம் வரை காதிலேயே இருந்தது.

கொட்டாம்பட்டியில் விவசாயம் பார்க்கும் என் கூடப்பிறந்த அக்காவின் வீட்டுக்காரர் அந்தத் தொடர் வரும் ஆப்புக்குச் சந்தா கட்டியிருந்தார். போன் போட்டேன்.

"பாஸ்வேர்டுதானே, சொல்றேன் மாப்ள. திரீ பேஸ் கரண்டுக்குக் காத்துக்கிட்டு மோட்டார் ரூம்ல கெடக்குறப்ப நான் அதத்தேன் பாப்பேன்," என்றார் மச்சான்.

குளித்து, திருநீறு பூசி (பரீட்சைக்குப் போன பழக்கம்), அறையில் இருந்த டிவி முன்னால் உட்கார்ந்து பட்டனை அமுக்கினேன். எடுத்த எடுப்பில் போர். யார் யாரோ கட்டிப்பிடித்து அழுதார்கள். கூடவே திரிந்த ரோபோ திடீரென்று மந்திரம் ஓதி ராணியைச் சாகடித்தது. ஒரு மண்ணும் புரியவில்லை. ராக்கெட்டும் மந்திரமும் கலந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முதல் பாகத்திலேயே இம்புட்டுத் துணிச்சலா என்று சொக்கியும் போனேன்.

மறுநாள் பாண்டி அண்ணன் எனக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். செல்வி அக்கா என் டிபன் பாக்ஸ் மூடியில் கத்தரிக்காய்க் கூட்டு வைத்தார்.

"மொதப் பாகம் எப்படித் தம்பி இருந்துச்சு?"

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"பிரமாதம்க்கா. ராணியக் கொன்னுட்டுல்ல கதையவே ஆரம்பிக்கிறாய்ங்க. அதுவும் அந்த ரோபோவே கொல்லுது பாருங்க."

பாண்டி அண்ணன் சோற்றிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ராணி செத்துருமா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர்கள் அப்போதுதான் மூன்றாவது பாகத்தில் இருந்தார்கள். செல்வி அக்கா தன் டிபன் பாக்ஸை மூடினார். அவருடைய செல்போன் முகப்பில் இருந்தது அந்த ராணியின் படம்.

நடந்தது இதுதான். மச்சான் கடைசிப் பாகத்தைத் தொடங்கும் நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. மோட்டாரைப் போட ஓடியிருக்கிறார். அதே பாஸ்வேர்டு என்பதால், அவர் விட்ட இடத்திலிருந்து டிவி எனக்குக் காட்டியிருக்கிறது. (வயலுக்குத் தண்ணீர் நன்றாகப் பாய்ந்ததாம். அந்தமட்டும் சந்தோஷம்.)

அவர்கள் திட்டியிருந்தாலும் எனக்கு ஒரு பேச்சுத்துணை ஆகியிருக்கும். யாரும் திட்டவில்லை. அடுத்த நாள் மேஜையில் அந்த நாற்காலி இல்லை, அவ்வளவுதான். டைல்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாயங்காலம் மச்சானுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அடப்பாவி மாப்ள," என்றார் மச்சான். "நான் இன்னும் அதப் பாக்கலயேடா."

இப்போதும் விசேஷ வீட்டுப் பந்தியில் நான் உட்கார்ந்தால் மச்சான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுவிடுவார். "ஏப்பா, எங்க மாப்ளைக்கு மொதல்ல மோர ஊத்து. அவருக்குக் கடைசியில இருந்துதேன் பழக்கம்." வரிசையே சிரிக்கும். நானும் மறுக்காமல் வாங்கிக் குடித்துவிடுவேன். அங்கேயாவது எனக்குப் பக்கத்து இலையில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறாரே.